பறையும் கித்தாரும்

ஜவ்வாது மலையின்மேல் நெல்லிவாசல்நாடு என்றொரு நாடு உண்டு. நாடு என்றவுடன் கொடியும் கோட்டையும் உடைய ராஜ்யமென்று நமது வாசகர்கள் எண்ணிவிட வேண்டாம். மலைமேல் சிதறிக் கிடக்கும் சிற்றூர்கள் பலவற்றைச் சேர்த்து ஒரு நாடு என்று சொல்வது அவ்விடத்து ஜனங்களின் பழைய வழக்கு. புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு, நெல்லிவாசல்நாடு ஆகிய மூன்றும் 2019-ஆம் வருஷத்தில் வேலூரிலிருந்து பிரிக்கப்பட்ட திருப்பத்தூர் ஜில்லாவைச் சேர்ந்தவை. அங்கு வசிப்போருக்கு மலையாளிகள் என்று பெயர். கேரள தேசத்தாருக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. அவர்களுடைய தாய்மொழி தமிழே. காஞ்சீபுரத்திலிருந்து தம் முன்னோர் மலையேறி வந்ததாக அவர்கள் வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். சாமை விதைப்பார்கள்; தேன் எடுப்பார்கள்; சாவு வந்தாலும் சாமி புறப்பட்டாலும் மேளங் கொட்டிப் பாடுவார்கள்.

வாத்திய கோஷ்டி ஒன்றைப்பற்றி எழுதப் புகுந்த நாம் இம்மலை நாட்டை முதலில் பிரஸ்தாபிப்பதற்குக் காரணம் உண்டு. நாளைக்குப் பட்டணத்து வாலிபர்கள் சிலர் மலையேறி, அவ்விடத்து மேளத்தையும் பாட்டையும் கைப்பேசியில் பதிவுசெய்துகொண்டு இறங்கி, கித்தாரும் மின்சாரமும் சேர்த்து உலகத்தாருக்கு ஒலிபரப்பினால், அந்தப் பாட்டின் அடியில் யார் பெயர் அச்சாகும்? வரும்படி வந்தால் யார் கையில் சேரும்? மலைமேல் பாடினவருடைய பெயர் "பழங்குடிப் பாடல்" என்ற இரண்டு வார்த்தைகளில் கரைந்துபோகுமா? இக்கேள்விகள் வெறும் கற்பனையல்ல. சென்னையில் 2018-ஆம் வருஷம் அரங்கேறிய ஒரு கோஷ்டியின் சரித்திரத்தைப் படிப்போருக்கு இவை தாமாகவே எழும். அக்கோஷ்டியின் பெயர் "தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்". ஜாதியற்றோர் கூட்டம் என்பது அதன் பொருள்.

அதற்குமுன் "ராக்" என்பதைப்பற்றி இரண்டொரு வார்த்தை சொல்ல வேண்டும். மின்சாரக் கித்தாரும் முரசும் முழங்க நின்றுகொண்டு பாடும் மேனாட்டுச் சங்கீதம் அது. அமெரிக்க நீக்ரோ ஜனங்களின் துயரப் பாட்டிலிருந்தும் ஆட்டப் பாட்டிலிருந்தும் கிளைத்த அது, 1950-க்குப் பின் வெள்ளையரின் பெருவணிகமாயிற்று. 1980-க்குப் பின் அந்த வணிகத்துக்கு வெளியே, பெரிய கம்பெனிகள் சீந்தாத சிறு கோஷ்டிகள் பல அத்தேசத்தின் கலாசாலை ஊர்களில் தோன்றின. மாணவர்கள் நடத்திய வானொலிகளே அவற்றுக்கு ஆதரவு. இவற்றுக்கு மாற்று ராக், அதாவது "ஆல்டர்னேட்டிவ் ராக்", என்று பெயர் வந்தது. எதற்கு மாற்று? சந்தைக்கு மாற்று. ஆயினும் 1991-இல் "நிர்வாணா" என்னும் கோஷ்டியின் "நெவர்மைண்ட்" என்ற இசைத்தட்டு லக்ஷக்கணக்கில் விற்றதும், அந்த மாற்றே சந்தையின் புதுச் சரக்காகிவிட்டது. அக்கோஷ்டியின் தலைவர் கர்ட் கோபேன் 1994-இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

ஜார்ஜியா மாகாணத்து ஏதென்ஸ் என்ற கலாசாலை ஊரில் 1980-இல் தோன்றிய "ஆர்.இ.எம்." என்ற கோஷ்டி நமது விஷயத்துக்கு அதிகமாகப் பயன்படும். நால்வர் சேர்ந்து நடத்தியது அது. 1988-இல் பெரிய கம்பெனியுடன் ஒப்பந்தஞ் செய்துகொண்டார்கள். பெருஞ் செல்வம் வந்தது. 1997-இல் முரசடிப்பவர் விலகினார். 2011-இல் மற்ற மூவரும் மனத்தாங்கலின்றிக் கலைந்தார்கள். முப்பத்தொரு வருஷம் அது நின்றதற்குக் காரணம் பல கூறுவர். நமக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. எவர் மெட்டுக் கட்டினாலும் எவர் சொல் எழுதினாலும், தாங்கள் ஆக்கிய பாட்டின் அடியில் நால்வர் பெயரையும் சமமாகப் போட்டுக்கொள்வது அவர்கள் வழக்கம். வரும்படியிலும் அப்படியே சமபாகம். நம் நாட்டில் கூட்டுக் குடும்பங்களே சாதிக்க முடியாத காரியம் இது!

இந்தியாவிலும் ராக் கோஷ்டிகள் நெடுங்காலமாக உண்டு. பெரும்பாலானவை இங்கிலீஷ் பாட்டுக்களை ஒப்பித்தவை. அவ்வழியை விட்டு விலகியவற்றுள் முன்னணியில் நிற்பது டில்லியில் 1990-இல் ஸ்ரீ சுஷ்மித் சென்னும் ஸ்ரீ அசீம் சக்கரவர்த்தியும் தொடங்கிய "இந்தியன் ஓஷன்". அதில் மறு வருஷமே சேர்ந்த ஸ்ரீ ராகுல் ராம் அமெரிக்காவில் கார்னெல் சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பியவர். நர்மதை அணைத் திட்டத்தை எதிர்த்த இயக்கத்தில் சேர்ந்து அந்தப் பள்ளத்தாக்கிலேயே உழைத்தவர். அங்கு ஜனங்கள் பாடிய நதிப் பாட்டொன்று அவர் மூலமாகக் கோஷ்டிக்கு வந்து, 2000-த்தில் வெளியான "கந்தீசா" என்னும் தொகுப்பில் "மா ரேவா" என்ற பெயருடன் இடம்பெற்றது. ரேவா என்பது நர்மதையின் இன்னொரு பெயர். பட்டணத்துப் பிள்ளைகள் லக்ஷக்கணக்கானோர் அந்நதியின் பெயரை அப்பாட்டினால்தான் அறிந்தனர். 2009-இல் ஸ்ரீ அசீம் சக்கரவர்த்தி காலஞ்சென்றார், 2013-இல் ஸ்ரீ சுஷ்மித் சென் விலகினார், கோஷ்டி நின்றுவிடவில்லை. போராட்டத்தில் கூடவே நின்ற ஒருவர் கொண்டுவந்த பாட்டென்பதால் அதைக் குறைகூற நமக்கு மனமில்லை. ஆனாலும் மேடையில் நின்று பாடியவர் பட்டணத்தாரே, நதிக்கரையார் அல்லர். இந்த இடத்தில்தான் சென்னைக் கோஷ்டி வேறுபடுகிறது.

சினிமா டைரக்டர் ஸ்ரீ பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், இசையமைப்பாளர் ஸ்ரீ டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து 2017-இன் கடைசியில் பாடகர்களையும் வாத்தியக்காரர்களையும் தேடின. வந்தவர்களைப் பாடச் சொல்லிக் கேட்டுப் பத்தொன்பது பேரைப் பொறுக்கினார்கள். ஸ்ரீ டென்மா அதற்குமுன் ஸ்ரீ கபேர் வாசுகியுடன் "குரங்கன்" என்ற கோஷ்டியை நடத்திப் பழகியவர். ராக் அவருக்குக் கைவந்த வித்தை. பொறுக்கப்பட்டவர்களிற் பலர் வட சென்னையின் கானாப் பாடகர்கள். அரக்கோணத்திலிருந்து ஸ்ரீ அறிவு என்னும் வாலிபர் வந்தார். தாளத்தோடு சொற்களைப் பொழியும் "ராப்" அவர் வழி. பறை, சட்டி, தவில் ஒரு பக்கம். கித்தாரும் மேனாட்டு முரசும் மறுபக்கம். 2018 ஜனவரி 6-ஆந் தேதி சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் பள்ளிக்கூட மைதானமொன்றில் அரங்கேற்றம் நடந்தது. அனுமதிச்சீட்டு வாங்கிச் சபாவில் சாய்ந்துகொள்ளும் கூட்டமல்ல, எழுந்து ஆடின கூட்டம். எல்லாரும் ஒரே விதமான சட்டையும் கோட்டும் அணிந்து மேடையேறினார்கள். அந்தக் கோட்டு அம்பேத்காரை நினைப்பூட்டிற்று என்று சொன்னவர்கள் தவறாகச் சொல்லவில்லை.

பெயரைப்பற்றியும் சொல்ல வேண்டும். கோஷ்டியார் அதை அயோத்திதாச பண்டிதரிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். 1845-இல் பிறந்து, நீலகிரியில் இளமையைக் கழித்து, சித்த வைத்தியராக விளங்கி, 1907-இல் "ஒரு பைசாத் தமிழன்" என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கி, 1914-இல் மறைந்த அப்பெரியார், ஜனத்தொகைக் கணக்கெடுக்க வரும் உத்தியோகஸ்தரிடம் ஜாதிபேதமற்றவர் என்று பதிவுசெய்யும்படி தம் ஜனங்களை வற்புறுத்தி வந்தார். ஜாதியை ஒழிப்போம் என்று பிறர் பேசத் தொடங்குமுன்னரே, ஜாதி எங்களுக்கு என்றும் இருந்ததில்லை என்று சொல்லிவிட்ட துணிவு அது. காலணா விலையுள்ள அப்பத்திரிகையை நம் தேசீயப் பத்திரிகைகள் அக்காலத்தில் எவ்வளவு குறைவாக மதித்தன என்பதை நினைக்கும்போது நமக்கு வெட்கமாகவே இருக்கிறது. நூறு வருஷம் கழித்து, பத்தொன்பது வாலிபர்கள் அவருடைய சொல்லைத் தங்கள் முரசின்மேல் எழுதிக்கொண்டார்கள்.

கானா என்பது இழவு வீட்டில் வளர்ந்த பாட்டு. துறைமுகத்திலும் ரயில்வேயிலும் ஆலைகளிலும் உழைத்த வட சென்னை ஜனங்கள், இறந்தவரைச் சுற்றி உட்கார்ந்து இரவு முழுதும் பாடிக் கழிப்பார்கள். செத்தவருடைய குணம், குடும்பம், குடி, கடன் எல்லாம் பாட்டில் வரும். துக்கத்தின் நடுவே சிரிப்பும் வரும். சாஸ்திரத்தில் அதற்கு இடமில்லை. சினிமா வேண்டியபோது அதை எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொண்ட சினிமா அப்பாட்டைப் பெரும்பாலும் கதாநாயகன் குடித்துவிட்டு ஆடும் காட்சிக்கே உபயோகித்தது. பறையின் கதை இதினும் கொடியது. அவ்வாத்தியத்திலிருந்து ஒரு ஜாதிக்குப் பெயர் வந்தது. அந்த ஜாதிப் பெயரிலிருந்து இங்கிலீஷ் அகராதிக்கு ஒரு வசைச்சொல் போயிற்று. சங்க நூல்கள் நால்வகை நிலத்துக்கும் ஒவ்வொரு பறை வகுத்துக் கூறியிருக்க, பிற்காலத்தார் அதைச் சாவுக்குரியதென்று ஒதுக்கினார்கள். அடிப்பவன் மனம் விரும்பி அடித்தானா, அடிக்காவிட்டால் ஊரில் வாழவிட மாட்டார்கள் என்பதற்காக அடித்தானா என்று கேட்டவர் சிலரே. ஆகையால்தான் பறையை அடியோடு விட்டுவிடுவதே மானம் என்று அந்த ஜனங்களுக்குள்ளேயே ஒரு சாரார் சொல்லிவந்தனர். அதே பறையை எடுத்துச் சம்பளத்துக்கும் சபைக்கும் உரிய வாத்தியமாக்குவதே மானம் என்று மற்றொரு சாரார் சொன்னார்கள். கோஷ்டியார் இரண்டாவது கக்ஷி.

இனி, சங்கீதமாகப் பார்க்குங்கால் இவர்கள் செய்தது யாது? பறையைக் கித்தாருக்குத் துணைவாத்தியமாக வைக்கவில்லை. பறையும் சட்டியும் நடையை நிர்ணயிக்கும். கித்தார் அதற்கு இசைந்து போகும். பட்டணத்துக் கலப்புச் சங்கீதக்காரர்கள் பலர், மேனாட்டு நடையொன்றை முதலில் வகுத்துவிட்டு, அதன்மேல் கொஞ்சம் நாட்டுமேளத்தைக் கொத்துமல்லி போலத் தூவிவிடுவார்கள். இவர்களிடம் அந்தத் தூவல் இல்லை. "வட சென்னை" என்ற பாட்டில் ஊரின் பெருமை பேசினார்கள். "கோட்டா" என்ற பாட்டில் உத்தியோக ஒதுக்கீட்டை ஏளனஞ் செய்வோருக்குக் கானா நடையிலேயே பதில் சொன்னார்கள். குறையும் உண்டு. சில பாட்டுக்கள் துண்டுப்பிரசுரத்தை மெட்டுப்போட்டுப் படித்தது போலிருக்கும். மேடையில் கேட்கும்போது உடம்பு சிலிர்க்கும் பாட்டு, பதிவில் கேட்டால் பாதி பலங்கூட இராது. பத்தொன்பது பேர் முழங்கும் மேளத்தைக் கைப்பேசியின் சிறு துவாரத்துக்குள் அடைத்தால் வேறு எப்படியிருக்கும்?

"பாட்டில் ராஜீய விஷயம் எதற்கு?" என்று கேட்ட ரசிகர்கள் ஏராளம். இக்கேள்வியைத் தேசீயவாதிகள் எவரேனும் கேட்டால் நமக்குச் சிரிப்புத்தான் வருகிறது. சுதந்திரப் போர் நடந்த காலத்தில், முருகன் வேஷத்தில் மயில்மேல் அமர்ந்துகொண்டு வெள்ளையனைப் பழித்துப் பாடிய தியாகி விசுவநாததாஸ் செய்தது என்ன? பலமுறை சிறை சென்ற அவர் 1940 டிசம்பர் 31-ஆந் தேதி சென்னையில் நாடக மேடையிலேயே உயிர் நீத்தார். அவர் மருத்துவ குலத்தில் பிறந்தவர் என்பதற்காக அவரோடு சேர்ந்து நடிக்க மறுத்த நடிகைகள் அக்காலத்தில் உண்டு என்பதையும் மறைக்கலாகாது. அந்நியனுக்கு எதிராகப் பாடியபோது கைதட்டிய கை, அயல்வீட்டுக்காரனைக் குறித்துப் பாடும்போது காதைப் பொத்திக்கொள்வது என்ன நியாயம்? இன்னும் ஒன்று. மார்கழி மாதத்துச் சங்கீத விழாவை ராஜீய வாடையற்ற தெய்விக ஏற்பாடென்று நினைப்பவர்கள் அதன் பிறப்பைப் பார்க்க வேண்டும். 1927 டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபையை ஒட்டி நடந்த அகில இந்திய சங்கீத மகாநாட்டிலிருந்துதான் 1928-இல் சங்கீத வித்வத் சபை தோன்றிற்று. பிறகு 1941-இல் அண்ணாமலை நகரில் தமிழிசை மகாநாடு கூடியதும், 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் ஏற்பட்டதும் பாஷைக் கிளர்ச்சியே அன்றி வேறென்ன? தமிழில் பாடு என்று அன்று கேட்டவர்கள், தமிழரில் யார் பாடுவது என்ற அடுத்த கேள்விக்குப் போகவில்லை.

அந்த அடுத்த கேள்வியைக் கேட்டவர்களுள் ஒரு ஸ்திரீயைத் தனியே குறிப்பிட வேண்டும். கானா ஆண்பிள்ளைகளின் பாட்டு. இழவு வீட்டில் ஒப்பாரி வைப்பது பெண்களின் வேலை. நடுவே உட்கார்ந்து கானா பாடுவது ஆண்களின் வேலை. வட சென்னையிலிருந்து வந்த ஸ்ரீமதி இசைவாணி அவ்வேலியைத் தாண்டினார். 2020-இல் பிரிட்டிஷ் ஒலிபரப்பு ஸ்தாபனமாகிய பி.பி.சி. உலகெங்குமிருந்து தெரிந்தெடுத்த நூறு பெண்மணிகளுள் அவர் ஒருவர். ஐயப்ப சுவாமியை நோக்கி, உன் சந்நிதிக்கு நான் ஏன் வரலாகாது என்ற கருத்தில் 2018-இல் அவர் பாடிய பாட்டு உலகமறிந்தது. அதே வருஷம் செப்டம்பர் 28-ஆந் தேதி சபரிமலை விஷயத்தில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது, நாடெங்கும் கொந்தளிப்பு. ஆறு வருஷம் கழித்து, 2024 நவம்பரில், அப்பழைய பாட்டையே தோண்டியெடுத்துப் போலீசில் புகார்கள் கொடுத்தார்கள். அவருக்கு மிரட்டல்களும் வந்தன. பக்தர்கள் மனம் புண்பட்டது என்பதை நாம் அலட்சியஞ் செய்யவில்லை. பாட்டுக்குப் பாட்டால் பதில் சொல்வது நம் நாட்டு மரபு. பாடின பெண்ணை மிரட்டுவது எந்தப் பக்தி மார்க்கத்தில் சேர்ந்ததோ நாமறியோம்.

2020 டிசம்பர் முதல் நீலம் மையத்தார் மார்கழியில் மக்களிசை என்ற விழாவைத் தொடங்கினார்கள். சபாக்கள் நடக்கும் அதே மாதத்தில் பறை, கானா, ஒப்பாரி, கூத்துப் பாட்டு எல்லாவற்றுக்கும் மேடையும் ஒளியும் நல்ல ஒலிபெருக்கியும் கொடுத்தார்கள். கோஷ்டி பெற்ற பிள்ளையென்று இவ்விழாவைச் சொல்லலாம். கோஷ்டியைக் காட்டிலும் இது நெடுநாள் நிற்குமென்று நமக்குத் தோன்றுகிறது.

ஏனெனில் கோஷ்டியின் கதை, கோஷ்டிகளின் வழக்கமான கதையாகவே போயிற்று. சந்தைக்குக் கூட்டம் தேவையில்லை, முகம் தேவை. ஸ்ரீ டென்மா 2019-இல் வெளிவந்த "இரண்டாம் உலகப்போரின் கடைசி குண்டு" என்ற படத்துக்கு இசையமைத்துச் சினிமாவுக்குள் சென்றார். 2022-இல் "நட்சத்திரம் நகர்கிறது". ஸ்ரீ அறிவு 2019-இல் "தெருக்குரல்" என்ற தொகுப்பை வெளியிட்டார், படங்களுக்குப் பாட்டெழுதினார். 2021 மார்ச்சில் வெளியான "எஞ்சாயி எஞ்சாமி" என்ற பாட்டு அவரை உலகமறியச் செய்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கூலிவேலை செய்து, நிலமின்றித் திரும்பிய தம் பாட்டி வள்ளியம்மாளின் நினைவிலிருந்து அவர் அப்பாட்டின் சொற்களை எழுதினார். அவரும் பாடகி தீயும் பாடினார்கள். ஸ்ரீ சந்தோஷ் நாராயணன் இசை. கோடிக்கணக்கானோர் கேட்டார்கள். உடனே பெயர்ச் சண்டையும் பிறந்தது. அவ்வருஷம் ஆகஸ்டில் "ரோலிங் ஸ்டோன் இந்தியா" பத்திரிகையின் முகப்பில் தீயும் மற்றொரு கலைஞரும் இருந்தனர், அறிவு இல்லை. ஸ்ரீ ரஞ்சித் பகிரங்கமாக ஆட்சேபித்தார். 2022 ஜூலை 28-ஆந் தேதி சென்னையில் நடந்த சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அப்பாட்டு மீண்டும் பாடப்பட்டது. அறிவு அங்கும் இல்லை. எழுதியதும் பாடியதும் மெட்டமைத்ததும் தாமே என்று அவர் அறிக்கை விடுத்தார். ஸ்ரீ சந்தோஷ் நாராயணன் தம் பக்கத்து விளக்கத்தைத் தந்தார். அவ்விருவருக்குமிடையே தீர்ப்புச் சொல்ல நமக்கு அதிகாரமுமில்லை, ஆசையுமில்லை. ஆனால் 2024 மார்ச்சில் அதே இசையமைப்பாளர், அப்பாட்டின் வரும்படியில் ஒரு காசுகூடத் தங்களில் எவருக்கும் வந்துசேரவில்லை என்று வெளியிட்டதைப் படித்தபோது திகைத்தோம். கூலிக்காரக் கிழவியின் துயரம் உலகமெல்லாம் விற்றது. விற்ற பணம் பேரனுக்கும் வரவில்லை, மெட்டுப்போட்டவருக்கும் வரவில்லை.

இங்கே சட்டத்தைச் சற்றுப் பார்ப்போம். 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம் 2012-இல் திருத்தப்பட்டது. அத்திருத்தத்தின்படி, சினிமாவுக்கோ இசைத்தட்டுக்கோ பாட்டெழுதியவரும் மெட்டமைத்தவரும், பிற்கால வரும்படியில் தமக்குரிய பங்கைக் கம்பெனிக்கு எழுதிக்கொடுத்துவிட முடியாது. எழுதிக்கொடுத்தாலும் செல்லாது, வாரிசுக்கும் உரிமைச் சங்கத்துக்கும் மாத்திரமே அதை மாற்றலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் இது பெயர் தெரிந்த ஆசிரியருக்கே உதவும். வழிவழியாகப் பாடிவரும் பாட்டுக்கு ஆசிரியர் யார்? ஒருவருமில்லையென்று சட்டம் கையை விரித்துவிடும். அதைப் பதிவுசெய்த கம்பெனிக்கோ அந்தப் பதிவின்மேல் அறுபது வருஷ உரிமை உண்டு! ஆயினும் ஒரு கதவு திறந்திருக்கிறது. நிகழ்த்துவோர் உரிமை என்று அதே சட்டத்தில் ஒரு பகுதி இருக்கிறது. பாடகர், வாத்தியக்காரர், கூத்தாடி, செப்பிடுவித்தைக்காரர், பாம்பாட்டி முதலிய யாவரும் அதில் அடக்கம். தம் நிகழ்ச்சியைப் பிறர் பதிவுசெய்வதற்கும் பரப்புவதற்கும் அவர்கள் சம்மதம் வேண்டும். அவ்வுரிமை ஐம்பது வருஷம் நிற்கும். வியாபாரத்துக்கு உபயோகித்தால் பங்கு உண்டு. 2012-இன் திருத்தம், தம் பெயரைச் சொல்லும்படி கேட்கும் உரிமையையும் அவர்களுக்குக் கொடுத்தது. பாம்பாட்டியை மறவாத சட்டம் மலைமேல் மேளம் அடிப்பவரையும் மறக்கவில்லை. அதை அவருக்கு எடுத்துச் சொல்லுவோர்தான் இல்லை.

ஆகவே நெல்லிவாசல்நாட்டுக்கு வருவோம். வட சென்னையின் நிலைமை வேறு, மலையின் நிலைமை வேறு என்பதை நாம் அறிவோம். மலையாளிகள் பழங்குடியினர் அட்டவணையைச் சேர்ந்தவர்கள். பறையைச் சுற்றியுள்ள ஜாதிச் சண்டை அவர்களுடைய சண்டையன்று. அவர்களுக்கு நேர்ந்திருப்பது இழிவைக் காட்டிலும் மறதி. 2015 ஏப்ரல் 7-ஆந் தேதி சேஷாசலக் காட்டில் செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லி ஆந்திரப் போலீசார் இருபது பேரைச் சுட்டுக் கொன்றபோது, செத்தவர்களிற் பலர் ஜவ்வாது மலையிலிருந்தும் அதையடுத்த பிரதேசங்களிலிருந்தும் போனவர்கள். அப்போதுதான் கீழ்நாட்டார் அம்மலையின் பெயரைப் பத்திரிகைகளில் நாலு நாள் படித்தார்கள். அதே மலையில் காவலூரில் நக்ஷத்திரங்களைப் பார்க்கும் பெரிய தொலைநோக்கி இருக்கிறது. வானத்தில் நடப்பது அங்கிருந்து நன்றாகத் தெரிகிறது. பக்கத்து நாட்டில் யார் என்ன பாடுகிறார்கள் என்று பார்ப்பதற்கு ஒரு கருவியை எந்த அரசாங்கமும் நிறுவவில்லை.

மலைமேலும் கைப்பேசி போய்விட்டது. அறிவின் பாட்டைக் கேட்கும் பிள்ளைகள் அங்கும் இருப்பார்கள். தாமும் ஒரு கோஷ்டி சேர்ப்போமென்று அவர்களில் நாலு பேர் நினைப்பதற்கு வெகுகாலம் ஆகாது. அவர்களுக்கு நாம் சொல்வது இதுதான். கித்தார் வாங்குமுன் ஒரு தாளில் ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள். ஆர்.இ.எம். நால்வரும் செய்ததுபோல, பாட்டின் அடியில் எல்லார் பெயரும், பணத்தில் சமபாகமும் என்று எழுதுங்கள். பாட்டி பாடிய பாட்டானால், பாட்டியின் பெயரையும் ஊரையும் முதலில் போடுங்கள். எவரேனும் ஒலிப்பதிவுக் கருவியோடு மலையேறி வந்தால், உபசாரஞ் செய்யுங்கள். காகிதத்தைப் படிக்காமல் கைநாட்டு மட்டும் வைத்துவிடாதீர்கள்.

அதிகாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. ஜமுனாமரத்தூரில் ஜவ்வாது மலைக் கோடை விழாவும், ஏலகிரியில் மற்றொரு கோடை விழாவும் அரசாங்கச் செலவில் நடந்து வந்திருக்கின்றன. முன்னது திருவண்ணாமலை ஜில்லா, பின்னது திருப்பத்தூர் ஜில்லா. சென்னை சங்கமம் என்ற நாட்டுக்கலை விழாவையும் அரசாங்கத்தார் 2023-இல் மீண்டும் தொடங்கினார்கள். இவ்விழாக்களில் மலைவாழ் கலைஞர்களுக்கு மந்திரியை வரவேற்கும் பத்து நிமிஷமல்ல, ஒரு முழு மாலைப் பொழுதைக் கொடுக்க வேண்டும். அழைப்பிதழில் "பழங்குடியினர் நடனம்" என்று அச்சிடாமல், மேளம் அடிப்பவர் இன்னார், பாடுபவர் இன்னார், நெல்லிவாசல்நாட்டில் இன்ன ஊர் என்று பெயர்களை அச்சிட வேண்டும். விழாவைப் படம்பிடித்து இணையத்தில் ஏற்றுவதானால், பிடிக்குமுன் அவர்களுடைய சம்மதத்தைத் தமிழில் எழுதி வாங்கி, அதன் நகலொன்றை அவர்கள் கையிலும் கொடுத்தனுப்ப வேண்டும். இதற்குப் புதிய சட்டம் வேண்டாம். புதிய மானியமும் வேண்டாம். இரண்டு ஜில்லாக் கலெக்டர்களும் கையெழுத்திட்டு ஓர் உத்தரவு பிறப்பித்தால் போதும்.